நடுங்கும் கைக்கு மூன்று விநாடி

மணிமொழி முதன்முதலாக எங்கள் சுடுதளத்தில் வேகச் சுற்றுக்கு நின்ற அன்று, நான் மணல் மூட்டைப் பள்ளத்துக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெடிச்சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவே இல்லை.

என் வேலை இன்னதென்று சொன்னால்தான் இது விளங்கும். என் பெயர் அர்ஜுனன். திருவண்ணாமலை ஆயுதப்படையில் காவலர். முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு ஓட்டமும் கவாத்தும் எனக்கு ஆகாது என்று, ஊருக்கு வெளியே ஒரு மொட்டைப் பாறைக் குன்றின் அடியில் இருக்கும் சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். புல் செதுக்க வேண்டும், கிழிந்த அட்டைகளை ஒட்ட வேண்டும், காலித் தோட்டாக்களைப் பொறுக்கி ஒப்படைக்க வேண்டும். கைத்துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் கயிறும் இழுக்க வேண்டும்.

வேகச் சுற்று என்பது இப்படி. இருபத்தைந்து மீட்டர் தள்ளி, நடுவில் கறுப்பு வட்டம் போட்ட அட்டை ஒன்று சுழலும் சட்டத்தில் நிற்கும். முதலில் அது பக்கவாட்டில் திரும்பியிருக்கும். சுடுகிறவருக்கு வெறும் கோடாகத்தான் தெரியும். அவர் துப்பாக்கிக் கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். அட்டை திரும்பி முகம் காட்டியதும் கையைத் தூக்கி, குறி பார்த்து, ஒரே ஒரு ரவுண்டு சுட வேண்டும். அதற்கு மூன்று விநாடி. பிறகு அட்டை மறுபடி கோடாகிவிடும். ஏழு விநாடி கழித்துத் திரும்பவும் முகம். இப்படி ஐந்து முறை. பெரிய ஊர்களில் இதெல்லாம் மின்சாரத்தில் தானாக நடக்கும். எங்கள் ரேஞ்சில் நான்தான் மின்சாரம். விசில் ஊதினால் இழுப்பேன், அடுத்த விசிலுக்கு விடுவேன். பள்ளத்தில் இருக்கிற எனக்குச் சுடுகிறவர் தெரியமாட்டார். நிமிர்ந்து பார்த்தால் அட்டை மட்டும் தெரியும். குண்டு பட்டால், பின்னால் இருக்கும் மண்மேட்டின் செம்மண், கறுப்பு வட்டத்தில் ஒரு பொட்டாக எட்டிப் பார்க்கும்.

அன்று விசில் வந்தது, இழுத்தேன். மூன்று விநாடி. சத்தமில்லை. விட்டேன். ஐந்து முறையும் அப்படியே. துப்பாக்கி மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். சுடுவது நின்றுவிட்டது என்று காட்டும் பாதுகாப்புக் கொடி ஏறியதும் மேலே வந்து பார்த்தால், மணிமொழி மேகசினைக் கழற்றி ஐந்து ரவுண்டையும் இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் புகழேந்தி கோபக்காரர் இல்லை. உள்ளங்கையில் இருந்த ரவுண்டுகளை எண்ணிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பிஸ்டல்ல எதுனா கோளாறா?"

"இல்லீங்கய்யா. கை நிக்கல. நிக்கட்டும்னு பாத்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள திரும்பிடுச்சு."

பின்னால் நின்ற ஆண் காவலர்கள் சிரித்தார்கள். ஒருத்தன், "ஐயா, ரவுண்டு செலவே இல்ல, இவங்களையே டீம்ல போடுங்க" என்றான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. செங்கம் பக்கத்துக் கிராமம். அப்பா வேடியப்பன் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற விவசாயி. அவருக்கும் அதே கை. கல்யாணப் பந்தியில் பாயசத்தை டம்ளரில் வாங்கமாட்டாராம், சிந்திவிடும் என்று இலையிலேயே ஊற்றச் சொல்வாராம். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடை ஏறியபோது, சான்றிதழ் காகிதம் படபடவென்று ஆடியதைப் பார்த்து, "பயப்படாதம்மா" என்று ஹெட்மாஸ்டர் தட்டிக்கொடுத்தாராம். பயமெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் மாவட்ட அளவில் ஜெயித்து, அந்தக் கால்களை நம்பித்தான் போலீஸுக்கு வந்தாள். வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சியில் எப்படியோ ஒட்டிக்கொண்டு தேறிவிடுவாள். பக்கத்து மாவட்டங்கள் சேர்ந்த சரக அளவிலான போட்டிக்குப் பெண்கள் அணியில் ஓர் ஆள் குறைந்தது. யாரும் முன்வராததால் இவள் பெயரை எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஐந்து ரவுண்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு பெயரை எடுத்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இன்ஸ்பெக்டரும் அதைத்தான் நாசூக்காகச் சொன்னார்.

"வேணாம்னா சொல்லும்மா. வேற யாரையாச்சும் பாக்குறேன்."

"வேணும்ங்கய்யா. எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கை நடுங்கறதுக்கு என்ன பண்றதுனு எனக்குத் தெரியாது. நெசமா சொல்றேன்."

"எனக்கும் தெரியலீங்கய்யா. பாக்குறேன்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்பதை வெட்கமில்லாமல் சொல்லிவிட்டுத் தேட ஆரம்பிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் வேலூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனாள். இது வியாதி இல்லை, பரம்பரையில் வருகிற நடுக்கம், உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார் அவர். கஷ்டமாக இருந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவள் இன்ஸ்பெக்டரிடம் காட்டினாள். அவர் செல்போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இத போட்டுக்கினு துப்பாக்கிப் போட்டில நிக்கக் கூடாதும்மா. நெஞ்சுத் துடிப்பையும் கையையும் அடக்குற மருந்து. தடை பண்ணி வெச்சிருக்காங்க."

போலீஸ் குடியிருப்பில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருக்கிற காவலர் ஓவியா, அணியின் இன்னொரு ஆள், வயதில் சின்னவள். அவள் குசுகுசுவென்று, "அக்கா, சரகப் போட்டில எவன் ரத்தம் எடுத்துப் பாக்கப்போறான்? ஒரே ஒரு மாத்திர" என்றாள்.

பல நாள் கழித்து, அட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்போது மணிமொழி என்னிடம் தானாகவே சொன்னாள்.

"ஒரு லீவு நாள்ல அத போட்டுப் பாத்தேண்ணா. சும்மா, எப்டி இருக்கும்னு. கை நின்னுச்சு. ஊசில நூல் கோத்தேன், ஒரே தடவைல போயிடுச்சு. எங்க வீட்டுக்காரரு பாத்துக்கினே இருக்காரு, நான் அழுவுறேன். மத்தவங்களுக்கெல்லாம் தெனமும் இப்டித்தான இருக்கும்னு நெனச்சு அழுதேன்."

"அப்புறம் ஏன் விட்ட? போட்டிக்கு வேணாம். மத்த நாள்ல போடலாமே?"

"போட்டா, அந்தக் கைதான் என் கைனு மனசு நெனச்சுக்கும். எனக்கு இந்தக் கையோட பழகணும்ணா."

அவள் வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிநாட்டுக்காரர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். அவரும் மாத்திரையைப் பற்றி மறுபடி பேசவில்லையாம்.

பயிற்சி நாட்களில் மற்றவர்கள் சுட்டு முடித்துவிட்டு வண்டி ஏறுவார்கள். அவள் மட்டும் காலித் துப்பாக்கியோடு நிற்க அனுமதி கேட்டாள். ரவுண்டு இல்லையா என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை பார்ப்பார், நான் ஒரு தடவை பார்ப்பேன். பிறகு நான் பள்ளத்துக்குள் இறங்கிக் கயிறு இழுப்பேன். அட்டை முகம் காட்டும். அவள் கையைத் தூக்குவாள். அட்டை திரும்பும். இறக்குவாள். எனக்குச் சத்தமும் கிடையாது, பொட்டும் கிடையாது. வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சித்திரை வெயிலில் அந்தப் பள்ளம் சூளை மாதிரி இருக்கும். மணல் மூட்டையில் சாய்ந்தால் முதுகு சுடும். சில நாள் எனக்குச் சலிப்பாகவும் இருந்திருக்கிறது. அவளுக்கு இருந்ததா என்று தெரியாது.

ரேஞ்சில் மட்டுமல்ல. பந்தோபஸ்து நேரத்திலும் அந்தக் கை தன்பாட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தது. ஒரு பௌர்ணமி மாலை, கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்த நேரம், செங்கம் ரோடு முக்கில் நின்றவள் ஞாபக மறதியில் தண்ணீர் பாட்டிலோடு கையை, துப்பாக்கியைத் தூக்குவதுபோலச் சட்டென்று தூக்கியிருக்கிறாள். எதிரே வந்த ஷேர் ஆட்டோ பிரேக் அடித்து நின்றுவிட்டது.

"இன்னா மேடம், ஒன்வேவா?" என்றானாம் டிரைவர்.

"இல்ல, நீ போ" என்று கையை இறக்கினாளாம். அதற்குள் பின்னால் வரிசையாக ஆறேழு ஆட்டோ நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. ஓவியா இதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

விஷயத்தைத் திறந்துவிட்டதும் அந்த ஓவியாதான். ஒரு நாள் மணிமொழி காலித் துப்பாக்கியைத் தூக்கும்போது, பக்கத்தில் நின்று செல்போனில் மெதுவாக ஓடுகிற மாதிரி வீடியோ எடுத்தாள். பிறகு வண்டிப் படிக்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். கை மேலே வருகிறது. அட்டைக்கு நேராக வந்து சேருகிறது. சேர்ந்தவுடன் ஒரு கணம், கொஞ்சமாக அசைந்தபடி, அப்படியே இருக்கிறது. அதன் பிறகுதான் ஆட்டம். அவள் குறியை இன்னும் சரியாக்கப் பார்க்கப் பார்க்க ஆட்டம் ஜாஸ்தியாகிறது. கடைசியில் துப்பாக்கி முனை, பந்தலில் கட்டிய மாவிலை மாதிரி ஆடுகிறது.

மணிமொழி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஓவியா, உன் கைய எடு" என்றாள்.

ஓவியா நன்றாகச் சுடுகிறவள். அவள் கையையும் அதே மாதிரி படம் பிடித்தோம். அதிலும் துப்பாக்கி முனை அசைந்தது. குறைவாக, ஆனால் அசைந்தது.

"உனுக்கும் ஆடுது!"

"ஆடும் அக்கா. எல்லாருக்கும் ஆடும். அது ஆடறப்பவே நான் ட்ரிகர அமுத்திடுவேன்."

"நிக்கறவரைக்கும் பாக்க மாட்டியா?"

"எங்க நிக்கப்போவுது?"

மணிமொழி முகத்தை நான் அன்று பார்த்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆன ஒரு பெண், உலகத்தில் தன் கை ஒன்றுதான் ஆடுகிறது என்று அதுநாள்வரை நம்பியிருக்கிறாள். மற்ற கைகளெல்லாம் பாறை மாதிரி நிற்கும் என்று நினைத்து, தன் கையும் அப்படி ஆகட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். ஓவியா சாதாரணமாகச் சொன்னது அவளுக்குள் எங்கேயோ போய் இறங்கியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "அப்ப நான் லேட்டா சுடறதுதான் தப்பு. வந்து சேந்தவுடனே ஒரு நல்ல நேரம் இருக்கு, அத வுட்டுட்டு அடுத்தது வரும்னு நிக்கறேன்" என்றாள்.

தெரிந்துகொண்டால் போதுமா? அடுத்த பயிற்சியில் அவள் ஐந்து முறையும் சுட்டாள். சத்தம் கேட்டதும் பள்ளத்துக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அட்டையைப் பார்த்தால், ஒன்று மேல் ஓரத்தில், ஒன்று கீழ் மூலையில், இரண்டு வெள்ளையில், ஒன்றைக் காணவே இல்லை. சீக்கிரம் சுட வேண்டும் என்ற அவசரத்தில் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறாள். இழுக்கும்போது துப்பாக்கியே திரும்பிவிடுகிறது. வாரக்கணக்கில் இது தீரவில்லை. "மெதுவா அமுத்தினா நேரம் போவுது, வேகமா அமுத்தினா குறி போவுது" என்றாள். வட்டத்தின் மேல் குறி வந்து சேரும்வரை விரல் சும்மா இருக்கிறது, சேர்ந்தபின் பதறுகிறது. கை மேலே வரும்போதே விரலும் மெல்ல அமுத்த ஆரம்பித்துவிட வேண்டும். இன்ஸ்பெக்டரும் இதைச் சொன்னார், ஓவியாவும் சொன்னாள். ஆனால் இன்னும் குறியே கிடைக்காதபோது விரலை அமுத்துவது என்றால், நம்பிக்கை வேண்டும். அது அவளிடம் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தன் கையைச் சந்தேகப்பட்டவளுக்கு அது எங்கிருந்து வரும்?

ஒரு காலை அவள் பள்ளத்தருகே வந்து குனிந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, அட்டைய திருப்பிப் போடுங்க."

"கயிற இழுக்கறதா?"

"இல்ல. பின்பக்கம் முன்னாடி வர்ற மாதிரி மாட்டுங்க. வட்டம் வேணாம். வெறும் வெள்ள."

"வெள்ளைல எங்க சுடுவ?"

"எங்கயாச்சும். எங்க சுடணும்னே இல்லனா, தப்பும் இல்ல இல்ல?"

இன்ஸ்பெக்டர் சரி என்று தலையசைத்தார். அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு இறங்கினேன். விசில். இழுத்தேன். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்தது. விட்டேன், இழுத்தேன், மறுபடி அதே நேரத்தில் சத்தம். ஐந்தும் ஒரே தாளத்தில் வந்தன. கொடி ஏறும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தேன். அந்த வெற்று வெள்ளையின் நடுவில், நான் கையை விரித்து வைத்தால் மறைந்துவிடுகிற இடத்துக்குள், ஐந்து செம்மண் பொட்டு.

சுடுதளத்தில் எனக்குப் பல வருடம். நல்ல சுடுகாரர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுங்குகிற கை, பார்ப்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை, அதில் இப்படி ஒரு கூட்டம். இது அவளிடம் முன்பே இருந்திருக்கிறது. வட்டம்தான் அதை வெளியே வரவிடாமல் தடுத்திருக்கிறது. அட்டையைக் கழற்றி அவளிடம் கொண்டுபோனேன். நொண்டி நொண்டி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். அட்டை ஆடியது. ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் சுட்டதா?"

"வேற யாரும்மா சுட்டது, நானா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு அட்டை வெள்ளை, ஒரு அட்டை வட்டம் என்று மாற்றி மாற்றிச் சுட்டாள். வட்டம் வந்தால் மறுபடி சிதறும். வெள்ளை வந்தால் சேரும். ஆரம்பத்தில் நேரத்தையும் நீட்டிக் கொடுத்தோம், ஆறு விநாடி, பிறகு ஐந்து. வட்டத்துக்கும் குண்டுகள் சேர ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு விநாடியாகக் குறைக்கச் சொல்வாள். நான்கிலிருந்து மூன்றுக்கு வரவே வெகு நாளானது. கார்த்திகை தீபத்துக்கு வேலை நெருக்கடியில் எல்லாம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது பழையபடி சிதறியது. அவள் அலட்டிக்கொள்ளாமல், "வெள்ளைய போடுங்கண்ணா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். மார்கழிக் குளிரில் ஒரு நாள், வெள்ளையா வட்டமா என்று பார்க்காமலேயே நான் அட்டையை மாட்டிவிட்டேன். சுட்டு முடித்த பிறகு கேட்டால், அவளுக்கும் எது என்று கவனமில்லை.

சரகத் தேர்வு எங்கள் ரேஞ்சிலேயே நடந்தது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து வண்டிகள் வந்தன. அதில் ஒரு பெண், மாநில அளவில் பதக்கம் வாங்கியவள், தனக்கென்று செய்த மரக் கைப்பிடி போட்ட பிஸ்டலோடு வந்திருந்தாள். மணிமொழி மெதுச் சுற்றில் சுமாராகத்தான் சுட்டாள். அதில் ஐந்து ரவுண்டுக்கு ஐந்து நிமிடம். நேரம் நிறைய இருந்தால் அவள் கைக்கு அது எதிரி. பெயர்ப் பட்டியலில் கீழே போய்விட்டாள். வேகச் சுற்றுக்கு அழைத்தபோது நான் பள்ளத்தில் இறங்கினேன். மேலே அவள் என்ன முகத்தோடு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

விசில். இழுத்தேன். சத்தம். கறுப்பின் நடுவில் ஒரு பொட்டு.

இரண்டாவது முறை. சத்தம். அதன் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, இன்னொன்று.

மூன்றாவது. சத்தம் வந்தது. பொட்டைக் காணோம்.

நான்காவது. சத்தம். அட்டையில் ஒன்றுமில்லை.

ஐந்தாவதும் அப்படியே. அட்டை முழுக்கத் தேடினேன். வெள்ளையில் இல்லை, ஓரத்தில் இல்லை. மூன்று குண்டும் அட்டைக்கு வெளியே போய்விட்டன என்று நினைத்தேன். இத்தனை மாத உழைப்பு, இப்படிப் போய்விட்டதே.

கொடி ஏறியது. நடுவராக வந்திருந்த வேறு மாவட்ட அதிகாரியும் எங்கள் இன்ஸ்பெக்டரும் அட்டையருகே வந்தார்கள். நான் மேலே ஏறி நின்றேன். நடுவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பையிலிருந்து குண்டு அளவுக்கான உலோகக் குச்சியை எடுத்து, நான் ஒரே பொட்டு என்று நினைத்திருந்த இரண்டாவது ஓட்டையில் மெல்ல விட்டுச் சுற்றினார்.

"இதுலயே நாலு போயிருக்கு" என்றார். பிறகு திருத்தினார். "இல்ல. இதுல மூணு, அதுல ரெண்டு. அஞ்சும் பத்து மார்க் வட்டத்துக்குள்ள."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு ஓட்டையையே பார்த்தார். எனக்கு மலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய வார்த்தை எங்கள் ஊர்க்காரனுக்குக் கிடையாது.

மீதிச் சுற்றுகள் எல்லாம் அப்படி இல்லை. ஒன்றிரண்டு ஒன்பதில் விழுந்தது, ஒன்று எட்டில். ஆனால் வேகச் சுற்றில் அவளைத் தாண்டியவர் யாருமில்லை. மொத்தத்தில் இரண்டாவதாக வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். பதக்கம் வாங்கிய அந்தப் பெண் முதலாவது. கிளம்பும்போது அவள் மணிமொழியிடம் வந்து, "உங்க கை எவ்ளோ நடுங்குதுன்னு பின்னாடியிருந்து பாத்தேன். அதோட எப்படிங்க இது?" என்று கேட்டாள். மணிமொழி வெட்கத்தோடு சிரித்தாள்.

மாநிலப் போட்டி சென்னைக்குப் பக்கத்தில். எனக்கு லீவு கிடைத்தது. வேடியப்பனையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. ரேஞ்சில் பார்வையாளர்களுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட இடம். காதுக்கு அடைப்பான் கொடுத்தார்கள். அதை அவர் தலைகீழாக மாட்டிக்கொண்டார், நான் சரிசெய்து விட்டேன்.

அதுநாள்வரை நான் அவள் சுட்ட அட்டைகளைத்தான் பார்த்திருக்கிறேன், அவள் சுடுவதைப் பார்த்ததில்லை. அன்று முதல்முறையாகப் பார்த்தேன். தாழ்ந்த கை நடுங்கிக்கொண்டிருக்கிறது, இருபது அடி தள்ளியிருக்கும் எங்களுக்கே தெரிகிறது. அட்டை திரும்புகிறது. கை மேலே எழுகிறது. அவசரமே இல்லை, பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுக்கிறவள் மாதிரி. அட்டைக்கு நேரே வந்து சேர்கிற அதே கணத்தில் வெடிக்கிறது. காத்திருப்பு இல்லை. குறி வந்ததா, விரல் அமுத்தியதா, எது முதல் என்று பிரிக்க முடியவில்லை. அட்டை திரும்புவதற்குள் அவள் கை பாதி இறங்கியிருக்கிறது. மூன்று விநாடி இவ்வளவு நீளமானது என்று, அத்தனை வருடம் அதைக் கையில் பிடித்து இழுத்த எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பதக்கம் கிடைக்கவில்லை. மெதுச் சுற்று இழுத்துவிட்டது. வேகச் சுற்றில் மட்டும் மூன்றாவது இடம், மொத்தத்தில் ஏழாவது. அணியில் அவள் பெயர் நின்றது. இப்போதும் நிற்கிறது.

வெளியே வந்ததும் வேடியப்பன் மகளைத் தேடிப்போனார். அவள் துப்பாக்கிப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். அவர் அவள் வலது கையைப் பார்த்தார்.

"கை நடுங்கலியாம்மா?"

"நடுங்குச்சுப்பா."

"எப்ப?"

"எல்லா வாட்டியும்."

"அப்புறம் எப்டி சுட்ட?"

"அது நடுங்கிக்கினுதான் இருந்துச்சு. நான் சுட்டுட்டேன்."

வேடியப்பன் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ஓவியா எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு வேப்ப மர நிழலில் உட்கார்ந்து பிரித்தோம். சாம்பார் பாக்கெட்டின் முடிச்சை அவிழ்க்க வேடியப்பனுக்கு வரவில்லை. நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"இரு தம்பி, இரு" என்று தடுத்துவிட்டார். அவர் விரல்கள் அந்த நூலைச் சுற்றிச் சுற்றி வந்தன. நாங்கள் எல்லாரும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மணிமொழி மட்டும் அவரைப் பார்க்கவில்லை. அவசரமே இல்லாதவள்போலத் தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.